மொட்டு மருந்து

விஜயகுமார் சாரை நான் அடிக்கவில்லை. அடித்ததாகக் கல்லூரி முழுக்கப் பேசிக்கொள்கிறார்கள். அவர் கையில் இருந்த ஃபைலைப் பிடுங்கி வராந்தாவில் வீசினேன், அவ்வளவுதான். அது போய் அவர் கால் பெருவிரலில் விழுந்தால் அதற்கு நான் என்ன செய்ய முடியும்? இன்னொரு சந்தர்ப்பம் கிடைத்தால் ஃபைல் இன்னும் கொஞ்சம் கனமாக இருக்கட்டும் என்றுதான் மாதாவிடம் வேண்டிக்கொள்வேன்.

அவர் யார் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். உத்தமபாளையத்தில் நான் படிக்கும் கல்லூரியில் சனிக்கிழமைதோறும் ஒரு வகுப்பு நடக்கிறது. சென்னையில் இருக்கிற ஒரு டிரஸ்ட் நடத்துவது. கடைசி வருசம் படிக்கிற பிள்ளைகளில் பதினொரு பேரைப் பொறுக்கியெடுத்து, பெரிய பல்கலைக்கழகங்களில் மேல்படிப்புக்கு நுழைவுத் தேர்வு எழுதவும், விண்ணப்பம் போடவும், நேர்காணலில் பேசவும் பழக்குவார்கள். சீட்டு கிடைத்துவிட்டால் படிப்பு, விடுதி, சாப்பாடு எல்லாம் அவர்கள் பொறுப்பு. அந்த வகுப்பை நடத்துகிறவர்தான் விஜயகுமார் சார். வருசநாட்டுக்காரர். நன்றாகப் பாடம் நடத்துவார், இல்லையென்று சொன்னால் என் நாக்கு அழுகிப்போகும். நுழைவுத் தேர்வில் எனக்கு நல்ல ரேங்க் வந்ததே அவரால்தான். அதனால்தான் கோபம் இரண்டு மடங்காக வருகிறது.

நான் கேட்டிருந்தது பெங்களூருவில் ஒரு பல்கலைக்கழகத்தில் எம்.எஸ்ஸி. வேதியியல். தேர்வு முடிந்துவிட்டது. பாக்கி இரண்டுதான். ஒன்று, நான் யார், ஏன் இந்தப் படிப்பைக் கேட்கிறேன் என்று இரண்டு பக்கத்துக்கு எழுதிக் கொடுக்க வேண்டிய அறிக்கை. இன்னொன்று, கம்ப்யூட்டர் திரையில் நேர்காணல். இரண்டும் சரியாக அமைந்தால் பெங்களூரு. அமையாவிட்டால், அம்மா தினமும் காலையில் குமுளி மலையேறிப் போகிற ஏலத்தோட்ட ஜீப்பில் எனக்கும் ஒரு இடம் காலியாகத்தான் இருக்கிறது. அம்மா பெயர் சகாயராணி. அந்த ஜீப்பில் பதினேழு பேரோடு நெருக்கியடித்து உட்கார்ந்து போய் வருகிறவள். என்னை அதில் ஏற்றக்கூடாது என்பதற்காகத்தான் ஏறுகிறாள்.

அறிக்கையை எழுத எனக்கு மூன்று நாள் ஆனது. எழுதியது அப்பாவைப் பற்றி.

அப்பா இன்னாசி, சுருளிப்பட்டிப் பக்கம் திராட்சைத் தோட்டங்களில் கவாத்து வெட்டுகிறவர். கொடியை வெட்டிவிட்டதும், மிச்சமிருக்கிற மொட்டுகள் ஒரே சீராக வெடிப்பதற்காக ஒரு மருந்து தடவ வேண்டும். மருந்துத் தண்ணீரில் துணியை நனைத்து, பந்தலுக்கடியில் அண்ணாந்து நின்றபடி, மொட்டு மொட்டாக ஒற்றிக்கொண்டே போவார்கள். அதற்கு எங்கள் பக்கம் மொட்டு மருந்து என்று பெயர். அதைத் தடவினவர்கள் எட்டு நாளைக்குச் சொட்டு சாராயம் தொடக்கூடாது. தொட்டால் ஆளைத் தூக்கிவிடும். கவாத்துக்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்த கணக்கு இது. மற்றவர்கள் எட்டு நாள் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிட்டு ஒன்பதாம் நாள் ஓடுவார்கள். அப்பாவுக்கு அந்த ஒன்பதாம் நாள் வந்ததே இல்லை. கம்பம் பள்ளத்தாக்கில் வருசம் பூரா ஏதாவது ஒரு தோட்டத்தில் கவாத்து நடந்துகொண்டே இருக்கும். ஒரு தோட்டம் முடிந்தால் மறுநாளே அடுத்த தோட்டம். இப்படியே பத்தொன்பது வருசம். ஊர்த் திருவிழாவில் சித்தப்பா, மாமா எல்லோரும் கோயிலுக்குப் பின்னால் ஒதுங்கும்போது அப்பா மட்டும் சுண்டல் பொட்டலத்தோடு உட்கார்ந்திருப்பார். "ஏலே இன்னாசி, நீயெல்லாம் சாமியாராப் போயிருக்கணும்டா" என்று கேலி பேசுவார்கள்.

நான் பத்தாவது படிக்கும்போது அப்பாவோடு வேலை பார்க்கிற முத்துவீரன் மாமா, மருந்து தடவின மூணாம் நாள் ஒரு கல்யாண வீட்டில் குடித்துவிட்டார். முகமெல்லாம் மிளகாய்ப்பழமாகச் சிவந்து, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு பந்தக்காலடியில் விழுந்தார். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போய்ப் பிழைக்க வைத்தார்கள். ஏன் அப்படி ஆயிற்று என்று கேட்டால் தோட்டக்காரர் "சூடு" என்றார். என் வாத்தியார் "விசம்" என்றார். ஒருத்தருக்கும் தெரியவில்லை. எனக்குக் காரணம் கிடைத்தது பி.எஸ்ஸி. இரண்டாம் வருசத்தில். குடித்த சாராயம் உடம்புக்குள் முதலில் ஒரு நச்சுப் பொருளாக மாறும். அதை அடுத்த நிலைக்குக் கொண்டுபோய்ச் சாதுவாக்குவதற்கு ஒரு நொதி இருக்கிறது. மொட்டு மருந்தில் இருக்கிற சயனமைடு அந்த நொதியைப் பூட்டிவிடும். நஞ்சு உள்ளேயே தேங்கிவிடும். அன்றைக்குச் சாயந்திரம் வீட்டுக்கு ஓடிவந்து அப்பாவிடம் சொன்னேன். அவர், "அப்ப நான் இத்தன வருசமாக் கெமிஸ்ட்ரிக்குப் பயந்துதான் குடிக்காம இருந்திருக்கேனாக்கும்" என்று சிரித்தார். அந்தச் சிரிப்புக்காகத்தான் நான் மேலே படிக்க ஆசைப்பட்டேன். இதைத்தான் இரண்டு பக்கம் எழுதினேன்.

சார் முதல் பத்தியைத் தாண்டிப் படிக்கவில்லை. பலகையில் மூன்று சொல் எழுதினார்: ரணம், திருப்பம், கனவு.

"கமிட்டில ஒக்காந்திருக்கவுக ஒரு நாளைக்கு நூறு அறிக்க படிக்கிறாக. ஒன் கெமிஸ்ட்ரி அவுகளுக்குத் தெரியாததா? ஒன் ரணம்தான் அவுகளுக்குத் தெரியாது. அத எழுது" என்றார்.

"எனக்கு ரணம்னு ஒண்ணும் இல்ல சார்."

வகுப்பு சிரித்தது. சார் சிரிக்கவில்லை. "அப்பா என்ன செய்றாரு?"

"கவாத்து வெட்டுறாரு சார்."

"குடிப்பாரா?"

"இல்ல சார்."

"கொஞ்சங்கூட?"

"அதத்தான சார் ரெண்டு பக்கத்துக்கு எழுதியிருக்கேன்!"

அவர் காகிதத்தைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. "சரி, இங்கிலீஷ மட்டும் சரி பண்ணி நானே ஏத்திவிட்டுர்றேன், போ" என்றார். எங்கள் பதினொரு பேரின் விண்ணப்பப் பாஸ்வேர்டும் அவர் நோட்டில்தான் இருந்தது. வகுப்பில் சேர்ந்த முதல் நாளே எழுதி வாங்கிக்கொண்டார். நாங்களும் கொடுத்தோம். சார் கேட்டால் கொடுத்துவிடுவதுதான் எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்குத் தெரிந்த மரியாதை. ஏற்றின பிறகு ஒரு தடவை திறந்து பார்க்க வேண்டும் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை. அந்த மடத்தனம் என்னுடையது, யார் தலையிலும் கட்டமாட்டேன்.

நேர்காணல் ஒரு புதன்கிழமை காலை பதினொரு மணிக்கு. கல்லூரிக் கம்ப்யூட்டர் லேபில். கடைசி ஐந்து நிமிடம் பெற்றோர் யாராவது ஒருவர் வந்து பேச வேண்டும், பிள்ளையை அவ்வளவு தூரம் அனுப்பச் சம்மதமா என்று கேட்பார்கள் என்று சொல்லியிருந்தார்கள். அப்பா வேலைக்கு லீவு சொல்லிவிட்டுத் திருவிழாவுக்கு எடுத்த வெள்ளைச் சட்டையில் வந்திருந்தார். நான் உள்ளே போகும்போது வராந்தா பெஞ்சில் நுனியில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் சார் குனிந்து என்னவோ சொல்லிக்கொண்டிருந்தார். தைரியம் சொல்கிறார் என்று நினைத்தேன்.

திரையில் மூன்று பேர். வயசான ஒரு பேராசிரியர், கண்ணாடி போட்ட ஒரு மேடம், பேசாமல் குறிப்பெடுத்துக்கொண்டே இருந்த ஒரு இளைஞர். பேராசிரியர் இருபது நிமிடம் வேதியியல் கேட்டார். தெரிந்ததைச் சொன்னேன், தெரியாததைத் தெரியாது என்றேன். அவர் முகத்தில் திருப்தி தெரிந்தது. சீட்டு கைக்கு வந்துவிட்டது என்றே எனக்குப் பட்டது.

அப்புறம் மேடம் பேசினார். "தமிழ்லயே கேக்கட்டுமா அருள்செல்வி? எனக்குச் சொந்த ஊர் நாகர்கோவில். உங்க அறிக்கையப் படிச்சிட்டு மனசே சரியில்ல. இவ்வளவுக்கு நடுவுல படிச்சிருக்கீங்களே. அப்பா இப்பவும் அடிக்கிறாரா?"

"யார மேடம்?"

அவர் குழம்பிப்போய் அறிக்கையைத் திரையில் காட்டினார். மேலே என் பெயர். கீழே, 'இதில் உள்ளவை அனைத்தும் உண்மை' என்ற உறுதிமொழிக்கு நேரே டிக். நடுவில் இருந்தது ஒன்றும் என்னுடையதில்லை. என் அப்பா கூலியை எல்லாம் மதுக்கடையில் கொட்டுகிறவராம். ராத்திரியில் அம்மாவை அடிப்பாராம். அம்மாவின் அழுகைச் சத்தத்துக்கு நடுவில்தான் நான் தனிம அட்டவணையை மனப்பாடம் செய்தேனாம். இரண்டு பக்கத்தையும் கண்ணால் துழாவினேன். மொட்டு மருந்து என்ற பேச்சே அதில் இல்லை. அப்பாவின் பத்தொன்பது வருசத்தைச் சிவப்புப் பேனாவால் அடித்துவிட்டு, அந்த இடத்தில் ஒரு குடிகாரனை உட்கார வைத்திருந்தார்கள்.

இது நான் எழுதியதில்லை என்று சொன்னால் உறுதிமொழி பொய். விண்ணப்பம் செல்லாது. சொல்லாமல் விட்டால் சீட்டு. சத்தியமாகச் சொல்கிறேன், ஒரு நிமிடம் வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன். ஏலத்தோட்ட ஜீப் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. அந்த ஒரு நிமிடத்தை நினைத்தால் இப்போதும் என்னையே அறையலாம் போல இருக்கிறது.

நான் அழப்போகிறேன் என்று மேடம் நினைத்திருக்க வேண்டும். "சரிம்மா, விடுங்க. அப்பா வந்திருக்காருல்ல, கூப்பிடுங்க" என்றார். சார் கதவைத் திறந்து அப்பாவை உள்ளே அனுப்பிவிட்டு வாசலிலேயே நின்றுகொண்டார். அப்பா செருப்பை வெளியே கழற்றிவிட்டு வந்து, திரையைப் பார்த்துக் கும்பிட்டார்.

"ஐயா, தப்பா நெனைக்காதீங்க. ஒண்ணு கேக்கணும். நீங்க குடிக்கிறதுண்டா?" என்று கேட்டார் மேடம்.

அப்பா வாசலைத் திரும்பிப் பார்த்தார். சார் தலையை லேசாக ஆட்டினார். பிறகு அப்பா என்னைப் பார்த்தார்.

"ஆமாங்கம்மா. குடிச்சேன். நெறையக் குடிச்சேன். இப்ப விட்டுட்டேன்."

"வீட்ல அடிச்சதுண்டா?"

இதை சார் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை போல. அப்பா கொஞ்சம் திணறினார். ஒரு தடவைகூட அம்மாவை 'ஏய்' என்று அதட்டாத மனுசன். தலையைக் கவிழ்த்துக்கொண்டார்.

"அதுவும் உண்டுங்கம்மா. எம் மேல உள்ள கோவத்தப் பிள்ள மேல காட்டிப்புடாதீக. அது நல்லாப் படிக்கும்."

"அப்பா, வாய மூடு!" என்று கத்தினேன். லேபே அதிர்ந்தது. "மேடம், இந்த மனுசன் பொய் சொல்றாரு. பொறந்ததுலருந்து எங்கப்பா குடிச்சு நான் பாத்ததில்ல. அம்மாவ அடிச்சதில்ல. இது நான் எழுதுனதே இல்ல. நான் எழுதுனது வேற."

அப்பா என் கையைப் பிடித்து இழுத்தார். "சும்மா இரு ஆத்தா, கெடுத்துக்காத." கையை உதறிவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். மொட்டு மருந்து, எட்டு நாள் கணக்கு, முத்துவீரன் மாமா, பூட்டப்பட்ட நொதி. பாதி தமிழ், பாதி இங்கிலீஷ், மூக்கு வேறு ஒழுகுகிறது. பேராசிரியர் முன்னால் சாய்ந்து, எந்த நொதி என்று கேட்டார். சொன்னேன். எட்டு நாள் என்பது எப்படித் தெரியும் என்று அப்பாவிடம் கேட்கச் சொன்னார். அப்பா மிரண்டுபோய், "ஆறா நாளு குடிச்சவனுக்கும் முகம் செவந்துச்சுங்கய்யா, ஒம்பதா நாளு குடிச்சவனுக்கு ஒண்ணும் ஆகல" என்றார். பேராசிரியர் அதை எழுதிக்கொண்டார்.

மேடம் முகம் மட்டும் இளகவே இல்லை. "அப்ப இந்த அறிக்கைய யாரும்மா எழுதுனது?"

"நான் இல்ல மேடம். ஆனா பேரும் டிக்கும் என்னோடது."

"அப்படின்னா இந்த விண்ணப்பத்த நாங்க இப்படியே ஏத்துக்க முடியாதும்மா" என்றார். திரை இருண்டது.

வராந்தாவில் சார் எனக்காகக் காத்திருந்தார். "ஒன் தலையில நீயே மண்ண அள்ளிப் போட்டுக்கிட்ட. மத்த பத்துப் பேரு தலையிலயும் சேத்துப் போட்டுட்ட. இனி ஒவ்வொருத்தன் அறிக்கையையும் தோண்டுவாக, தெரியுமா?"

அடுத்து உள்ளே போக வேண்டியவள் என் தோழி மகிமா. போடி பஜாரில் அவள் அப்பா ஸ்டான்லிக்குப் பாத்திரக்கடை, வேலைக்கு இரண்டு ஆள். சார் அவரை நடைபாதையில் பிளாஸ்டிக் குடம் விற்கிறவராக ஆக்கியிருந்தார். மகிமாவுக்கு அது முன்பே தெரியும். "இப்ப என்னையும் கேப்பாக. நான் என்னடி சொல்லுவேன்?" என்று அழுதாள். உண்மையைச் சொல் என்றேன். "ஒனக்கென்ன, ஒங்கப்பா உண்மையிலயே கூலிக்காரரு" என்றாள். அதோடு எங்கள் பேச்சு நின்றது.

நான் சார் பக்கம் திரும்பினேன். "எங்கப்பாவக் குடிகாரன்னு எழுத ஒங்களுக்கு யாரு சார் உரிம குடுத்தது?"

"எங்கப்பா உசுரோட இருக்கையில செத்துட்டாருன்னு எழுதித்தான் நான் எம்.ஏ. சீட்டே வாங்குனேன். இன்னைக்கு அவரு மாடிவீட்ல காலாட்டிக்கிட்டு ஒக்காந்திருக்காரு. என்ன கொறஞ்சுபோச்சு?"

"அது அவருக்குத் தெரியுமா சார்?"

அவர் கையிலிருந்த ஃபைலை இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டார். எனக்கும் ஒரு நொடி அவர் மேல் இரக்கம்தான் வந்தது. அது நிலைக்க அவர் விடவில்லை. அப்பா தோளில் தட்டி, "நீங்க நல்லாத்தாண்ணே சொன்னீக. சொல்லிக்குடுத்ததுக்கு மேலயே சொன்னீக. ஒங்க பிள்ளதான் சொதப்பிட்டா" என்றார். அப்பா அந்தப் பாராட்டுக்குக் கூச்சத்தோடு தலையை ஆட்டினார். அப்போதுதான் ஃபைல் பறந்தது.

பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தே போனோம். அப்பா இரண்டடி பின்னால் தப்புச் செய்த பிள்ளை மாதிரி வந்தார். கம்பம் பஸ்ஸுக்கு நிற்கும்போது போன் வந்தது. அந்த மேடம்தான். பேராசிரியர் கேட்டுக்கொண்டதால் ஒரே ஒரு வாய்ப்புத் தருகிறார்களாம். நாளைக் காலை பத்து மணிக்குள் நானே எழுதின அறிக்கை போய்ச் சேர வேண்டும். பாஸ்வேர்டை உடனே மாற்ற வேண்டும். சீட்டு உண்டு என்று உறுதி சொல்ல முடியாது, மற்றவர்களோடு சேர்த்துப் பரிசீலிப்பார்கள். நன்றி மேடம் என்று நான் சொல்லி முடிப்பதற்குள் வைத்துவிட்டார்.

அப்பாவிடம் விசயத்தைச் சொன்னேன். அவர் முகம் தெளிந்தது. சுற்றிப் பார்த்துவிட்டு என் காதுப் பக்கம் குனிந்தார்.

"இந்தத் தடவ செத்துட்டேன்னு எழுதிப்புடு ஆத்தா."

"என்னது?"

"குடிகாரன்னு எழுதுனா கூப்பிட்டு வச்சுக் கேப்பாக. செத்தவனக் கூப்பிட்டுக் கேக்க முடியாதுல்ல. சாருகூட அதுக்குத்தான் மார்க்கு சாஸ்தின்னாக. நான் என்ன அங்கன வந்து நிக்கவா போறேன்? பெங்களூருல நாலு பேருக்கு நான் செத்தவனா இருந்தா என்ன கெட்டுப்போகுது?"

அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. ஊரில் எந்தத் தோட்டத்துக்கு எந்த வழியில் போவது என்று சொல்கிற குரலில் சொன்னார். வந்ததே எனக்கு ஆத்திரம். நடு பஸ் ஸ்டாண்டில் நின்று, "ஒனக்கு வெக்கமா இல்லியாப்பா? எவன் எது சொன்னாலும் தலைய ஆட்டிருவியா? குடிகாரன்னா ஆமாங்குற, அடிச்சியான்னா ஆமாங்குற, இப்பச் சாகவும் தயாராயிட்ட! நாளைக்கு நான் படிச்சு வந்து எந்த மூஞ்சியில ஒன்ன அப்பான்னு கூப்பிடுறது?" என்று கத்தினேன். பூக்காரம்மா திரும்பிப் பார்த்தார். கண்டக்டர் ஒருத்தர் "ஏம்மா, பெத்தவர இப்படிப் பேசுற" என்றார். "நீங்க ஒங்க விசில ஊதுங்க அண்ணே" என்றேன். அப்பா வெள்ளைச் சட்டைப் பையில் இருந்து கைக்குட்டையை எடுத்து என்னிடம் நீட்டினார். அவர் விரல் நுனிகளில் மருந்து பட்டுத் தோல் உரிந்திருந்தது.

பஸ்ஸில் உட்கார்ந்ததும் முதலில் பாஸ்வேர்டை மாற்றினேன். பிறகு போனிலேயே எழுத ஆரம்பித்தேன். கோபத்தில் விரல் தப்புத் தப்பாகப் பட்டது. கோகிலாபுரம் தாண்டும்போது கேட்டேன்.

"லிட்டர் தண்ணிக்கு எத்தன மில்லி மருந்து ஊத்துவ?"

"எதுக்கு ஆத்தா?"

"சொல்லுன்னா சொல்லு."

"நாப்பது." கொஞ்ச நேரம் கழித்து, "கொடி எளசா இருந்தா முப்பது" என்றார்.

எழுதினேன். எத்தனை நாளில் மொட்டு வெடிக்கும், எந்த நேரத்தில் தடவக்கூடாது என்று கேட்கக் கேட்க அவர் சொல்லிக்கொண்டே வந்தார். அவர் குரல் கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்ந்தது. முன் சீட்டுக்காரர்கூடத் திரும்பிக் கேட்க ஆரம்பித்துவிட்டார். கம்பம் வருவதற்குள் இரண்டு பக்கம் முடிந்தது. சீட்டு கிடைத்தவர்கள் பட்டியல் இன்றைக்கு வரைக்கும் வரவில்லை. வரட்டும், வராமல் போகட்டும்.

இறங்கும்போது அப்பா தயங்கித் தயங்கிக் கேட்டார். "அதுல எம் பேரும் வருதா?"

"வருது. இன்னாசின்னு போட்டிருக்கேன்."

"அப்படிப் போடாத ஆத்தா. இன்னாசிமுத்துன்னு முழுசாப் போடு. ரேசன் கார்டுல அப்படித்தான் இருக்கு."

படிக்கட்டில் நின்றபடியே திருத்தினேன்.